எரர் 123: பழைய பத்திரிகை சாஃப்ட்வேர் இன்ஸ்டால் ஆக மாட்டேன் என்கிறது

அல்லிக்கேணி அச்சு

எல்லாருக்கும் வணக்கம். திருவல்லிக்கேணியில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இவைதான் தொழில். பழைய கம்ப்யூட்டரில் மதர்போர்டு போய்விட்டது. ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் மெஷின் ஒன்று எடுத்தேன். விண்டோஸ் 10, 64 பிட், 8 ஜிபி ராம்.

பத்திரிகை வாசகங்களை எல்லாம் டெம்ப்ளேட்டாக வைத்திருக்கும் சாஃப்ட்வேர் ஒன்று சிடியில் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியது, லைசென்ஸ் அட்டைகூட பத்திரமாக இருக்கிறது. விற்றவர்கள் இப்போது தொழிலில் இல்லை. செட்டப்பை டபுள் கிளிக் செய்தால் அனுமதி கேட்கிறது, யெஸ் கொடுத்ததும் எரர். அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினாலும் அதே எரர். காம்பேட்டிபிலிட்டியில் எக்ஸ்பி வைத்தாலும் அதே.

மெஷின் எடுத்த இடத்தில் கேட்டால், விண்டோஸை அழித்துவிட்டு புதிதாகப் போட வேண்டும் என்கிறார்கள். ஆவணி முகூர்த்தத்துக்கு ஆர்டர் கையில் இருக்கிறது. நிஜமாகவே அழிக்கத்தான் வேண்டுமா?

வேளச்சேரி பயனர்

ஆன்ட்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள் சார். எனக்கு எப்போதும் அதில்தான் சரியாகும்.

பதிவேடு

அண்ணா, எதையும் அழிக்காதீர்கள், எதையும் ஆஃப் செய்யாதீர்கள். முதலில் அந்த எரர் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறதோ அதை முழுக்க இங்கே போடுங்கள். தலைப்பில் 123 என்று எழுதியிருக்கிறீர்கள், அது பாதிதான். எண்ணுக்கு மேலே ஒரு வாக்கியமும், பெரும்பாலும் ஒரு ஃபோல்டர் பாதையும் இருக்கும். எனக்கு வேண்டியது அந்தப் பாதை.

கைப்பட எழுத வேண்டாம். எரர் பெட்டி திரையில் இருக்கும்போதே அதன்மேல் ஒரு கிளிக், பிறகு கன்ட்ரோல் சி. விண்டோஸின் சாதாரண மெசேஜ் பெட்டி என்றால் உள்ளே இருப்பது அப்படியே காப்பி ஆகும். நோட்பேடில் பேஸ்ட் செய்து பாருங்கள். இது பலருக்குத் தெரிவதில்லை. செல்போனில் சாய்த்துப் பிடித்து எடுத்த மங்கலான படத்தை வைத்துக்கொண்டு தேடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

அல்லிக்கேணி அச்சு

காப்பி ஆகிறது தம்பி! ஆங்கிலத்தில் இருப்பதை அப்படியே சொல்கிறேன். டைரக்டரியை உருவாக்க முடியவில்லை என்று முதல் வரி. அதில் வரும் பாதை:

சி:\யூசர்ஸ்\???????\ஆப்டேட்டா\லோக்கல்\டெம்ப்\ அதன் பிறகு ஏதோ எழுத்தும் எண்ணும்.

கீழே எரர் 123, ஃபைல் பெயர், டைரக்டரி பெயர் அல்லது வால்யூம் லேபிள் எழுதிய முறை தவறு என்று இருக்கிறது. கேள்விக்குறி நான் போட்டதில்லை, பெட்டியிலேயே அப்படித்தான் இருக்கிறது. ஏழு கேள்விக்குறி.

பதிவேடு

அந்த மெஷினில் யூசர் பெயரைத் தமிழில் வைத்திருக்கிறீர்களா?

அல்லிக்கேணி அச்சு

ஆமாம் தம்பி. மெஷின் வந்த அன்றைக்கு மகள்தான் உட்கார்ந்து செட் செய்தாள். "அச்சகம்" என்று வைத்திருக்கிறாள். ஆனால் அது ஐந்து எழுத்துதானே, கேள்விக்குறி ஏழு இருக்கிறதே? அதனால் இரண்டுக்கும் சம்பந்தம் இருக்காது என்று விட்டுவிட்டேன்.

பதிவேடு

சம்பந்தம் இருக்கிறது அண்ணா, அந்த ஏழுதான் சாட்சி.

யூனிகோடு என்பது எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் பொதுத் தரம். அதில் தமிழ் மெய்யெழுத்துக்குத் தனி இடம் கிடையாது. "ச்" என்றால் ச ஒரு குறியீடு, புள்ளி இன்னொரு குறியீடு. அச்சகம் என்பதை கம்ப்யூட்டர் எண்ணும்போது அ, ச, புள்ளி, ச, க, ம, புள்ளி. ஏழு. நம் கண்ணுக்கு ஐந்து, அதற்கு ஏழு. அந்த ஏழும் ஏழு கேள்விக்குறியாகி இருக்கின்றன.

நடப்பது இதுதான். பெரும்பாலான இன்ஸ்டாலர்கள் முதலில் தம் மூட்டையை ஒரு தற்காலிக ஃபோல்டரில் பிரித்துப் போடும். அந்த ஃபோல்டர் வழக்கமாக உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டாவில் இருக்கிறது. உங்கள் யூசர் ஃபோல்டரின் பெயர் தமிழில் இருக்கிறது. விண்டோஸுக்கு அதில் எந்தச் சிரமமும் இல்லை. ஆனால் உங்கள் சிடியில் இருக்கும் செட்டப் யூனிகோடு தெரியாத காலத்து முறையில் எழுதப்பட்டது. அது "டெம்ப் ஃபோல்டர் எங்கே?" என்று கேட்கும்போது, விண்டோஸ் பதிலை அந்தப் பழைய நிரலுக்குப் புரியும் எழுத்துத் தொகுப்புக்கு மாற்றித் தருகிறது. இந்திய ஆங்கில அமைப்பில் அது 1252 என்ற மேற்கு ஐரோப்பியத் தொகுப்பு. அதில் தமிழ் இல்லை. இல்லாத எழுத்துக்கு எல்லாம் கேள்விக்குறி வைத்துவிடும். விண்டோஸில் ஃபோல்டர் பெயரில் கேள்விக்குறி வரக்கூடாது. ஆகவே 123.

ரஷ்யர்களுக்கு 1251, தாய்லாந்துக்காரர்களுக்கு 874, ஜப்பானியர்களுக்கு 932 என்று பழைய தொகுப்புகள் உண்டு. அவர்கள் தம் மொழியைத் தேர்ந்துவிட்டால் பழைய நிரலும் பெயரைப் படித்துவிடும். தமிழுக்கு அப்படி ஒரு தொகுப்பு விண்டோஸில் கிடையாது, ஆரம்பத்திலிருந்தே யூனிகோடு மட்டும்தான். அதனால்தான் இணையத்தில் ஆங்கிலத்தில் தேடினால் கிடைக்கும் "மொழியை மாற்று" என்ற விடை நமக்குப் பலிப்பதில்லை.

அட்மினாக ஓட்டினால் மாறாது, எக்ஸ்பி மோடு வைத்தாலும் மாறாது, ஆன்ட்டிவைரஸுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. பாதை மாறினால் மட்டுமே மாறும். எப்படி மாற்றுவது என்று அடுத்த பதிவில் எழுதுகிறேன், ஒரு கால் வருகிறது.

குரோம்பேட்டை குமரன்

இதற்குத்தான் யூசர் பெயரை ஆங்கிலத்திலேயே வைக்க வேண்டும் என்று தலையில் அடித்துக்கொள்கிறோம். தமிழ்ப்பற்றைக் கம்ப்யூட்டரில் காட்டினால் இப்படித்தான் ஆகும்.

பழைய தட்டச்சு

அப்படிச் சொல்லாதீர்கள் தம்பி. அந்தப் பெண் செய்ததில் ஒரு தவறும் இல்லை. விண்டோஸ் 2000 வந்ததிலிருந்து தமிழ் யூனிகோடு அதில் இருக்கிறது. பெயர் கேட்டது, அவள் தன் அப்பாவின் தொழிலின் பெயரைத் தன் மொழியில் கொடுத்தாள். விண்டோஸ் ஏற்றுக்கொண்டது. பிறகு வந்த ஒரு பழைய நிரலுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. குறை நிரலுடையது.

அந்தக் காலத்து நிரல்களையும் நான் குறை சொல்லமாட்டேன். நாங்கள் அப்போது ஒவ்வொரு கடைக்கும் ஒரு எழுத்துருவோடு அல்லாடிக்கொண்டிருந்தோம். ஒரு கடையில் அடித்த ஃபைல் இன்னொரு கடையில் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அந்த ஆண்டில்தான் தமிழ் 99 விசைப்பலகையையும் டாம், டாப் என்ற எழுத்துக் குறிமுறைகளையும் தமிழக அரசு தரமாக அறிவித்தது. யூனிகோடை அரசு தரமாக ஏற்றது 2010இல். இடைப்பட்ட பத்து ஆண்டுகளுக்கு மேலாக டிடிபி கடைகள் சேர்த்துவைத்த டெம்ப்ளேட்டுகள் எல்லாம் அந்த எட்டு பிட் எழுத்துருக்களில்தான் இருக்கின்றன. அவற்றைத் தூக்கிப்போட முடியாது. இந்த ஐயா அந்த சிடியை விடாமல் வைத்திருப்பதன் காரணம் எனக்குப் புரிகிறது.

ஆவடி ஆதவன்

விண்டோஸ் 10இல் ரீஜன் செட்டிங்ஸுக்குள் "யூனிகோடு யூடிஎஃப் 8 பீட்டா" என்று ஒரு டிக் பெட்டி இருக்கிறது. 1803 பதிப்பிலிருந்து வருகிறது. அதை டிக் செய்து ரீஸ்டார்ட் செய்தால் பழைய நிரல்களுக்கும் தமிழ்ப் பாதை தெரியும் என்று படித்திருக்கிறேன். அது சுலபமில்லையா?

பழைய தட்டச்சு

மற்றவர்களுக்கு அது உதவலாம். டிடிபி கடைக்காரர் தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்! அந்தப் பெட்டியை டிக் செய்தால் யூனிகோடு தெரியாத எல்லா நிரல்களுக்கும் எழுத்துத் தொகுப்பு ஒரேயடியாக யூடிஎஃப் 8, அதாவது யூனிகோடை பைட்டுகளாக எழுதும் முறை, ஆகிவிடும். டாப், அப்புறம் டிஸ்கி என்ற இன்னொரு பழைய குறிமுறை, இவற்றின் எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருப்பது 128க்கு மேல் 255 வரையிலான இடங்களில். டாம் எழுத்துருவிலும் பல எழுத்துகள் அங்கேதான். யூடிஎஃப் 8இல் அந்த இடங்களில் தனியாக ஒரு பைட் வந்தால் அது செல்லாத எழுத்து. பேஜ்மேக்கர் மாதிரி பழைய நிரலில் திறக்கும் பத்திரிகை கட்டம் கட்டமாகப் போய்விட வாய்ப்பு இருக்கிறது. ஒரு எரரைத் தீர்க்கப் போய் கடையில் இருக்கும் மொத்த ஃபைல்களிலும் கை வைக்க வேண்டாம்.

அல்லிக்கேணி அச்சு

ஐயா, நல்ல வேளை சொன்னீர்கள். பேஜ்மேக்கர் 7இல்தான் இன்னும் வேலை செய்கிறேன், டாம் எழுத்துருதான். அந்தப் பக்கமே போகவில்லை.

பதிவேடு

வந்துவிட்டேன். ஆவடி நண்பர் சொன்னது தவறான யோசனை இல்லை, இந்தக் கடைக்குப் பொருந்தாது, அவ்வளவுதான்.

அண்ணா, இதைச் செய்யுங்கள். சி டிரைவில் நேரடியாக ஒரு புது ஃபோல்டர். பெயர் ஆங்கில எழுத்தில் டெம்ப், இடைவெளி எதுவும் வேண்டாம். பிறகு ஸ்டார்ட் மெனுவில் என்விரான்மென்ட் என்று அடித்தால் "உங்கள் அக்கவுன்ட்டுக்கான என்விரான்மென்ட் வேரியபிள்கள்" என்ற பொருளில் ஒரு வரி வரும். திறந்தால் மேல் பகுதியில் டெம்ப் என்றும் டிஎம்பி என்றும் இரண்டு இருக்கும். இரண்டையும் எடிட் செய்து புது ஃபோல்டரின் பாதையைக் கொடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு விடாதீர்கள், சில செட்டப் ஒன்றைப் பார்க்கும், சில மற்றதை. லாக் ஆஃப் செய்து மறுபடி உள்ளே வந்து செட்டப்பை ஓட்டுங்கள்.

யெஸ் கேட்கும் பெட்டியில் உங்கள் பாஸ்வேர்டு கேட்காமல் வேறு அட்மின் அக்கவுன்ட்டின் பாஸ்வேர்டு கேட்டால் சொல்லுங்கள். அப்படியானால் செட்டப் ஓடுவது அந்த அக்கவுன்ட்டில், அதன் டெம்ப் பாதை வேறு.

அம்பத்தூர் கணக்கு

இழையின் நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். என் பிரச்சினையும் இன்ஸ்டால்தான். ஆபீசில் பில்லிங் சாஃப்ட்வேருக்குப் புது வெர்ஷன் போட்டால் 1603 என்று வந்து பின்வாங்கிவிடுகிறது. நெட்டில் தேடினால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். ரெஜிஸ்ட்ரியை எல்லாம் நோண்டச் சொல்கிறார்கள், பயமாக இருக்கிறது.

பதிவேடு

ரெஜிஸ்ட்ரியைத் தொடாதீர்கள் மேடம். 1603 என்பது "உடம்பு சரியில்லை" என்று எழுதிய லீவ் லெட்டர் மாதிரி. என்ன நோய் என்று அதில் இருக்காது. விண்டோஸ் இன்ஸ்டாலர் நடுவில் எங்கோ ஒரு படியில் விழுந்துவிட்டது, எல்லாவற்றையும் பழையபடி திருப்பி வைத்துவிட்டது, அதற்கு மேல் அந்த எண்ணில் தகவல் இல்லை. அதனால்தான் நெட்டில் நூறு பேர் நூறு காரணம் சொல்கிறார்கள், அவரவர் மெஷினில் அவரவர் காரணம் உண்மையாகவே இருந்திருக்கும்.

காரணம் லாகில், அதாவது இன்ஸ்டாலர் தான் செய்வதை வரிவரியாக எழுதிவைக்கும் ஃபைலில் இருக்கிறது. உங்கள் ஃபைல் எம்எஸ்ஐ என்று முடிகிறதா பாருங்கள். முடிந்தால், கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து எம்எஸ்ஐஎக்ஸெக் என்ற கட்டளை, சாய்கோடு ஐ, இன்ஸ்டால் ஃபைலின் பாதை, பிறகு சாய்கோடு எல் நட்சத்திரம் வி, கடைசியில் லாக் எழுத வேண்டிய ஃபைலின் பாதை. ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும், சாய்கோடு வலப்பக்கம் சாயும் கோடு. எல், நட்சத்திரம், வி மூன்றுக்கும் நடுவில் இடைவெளி கிடையாது. எரர் வரும்வரை ஓடவிடுங்கள்.

லாக் ஆயிரக்கணக்கான வரி இருக்கும், பார்த்து மலைக்க வேண்டாம். நோட்பேடில் திறந்து "ரிட்டர்ன் வேல்யூ 3" என்பதை ஆங்கிலத்தில் தேடுங்கள். முதலில் கிடைக்கும் இடத்தில் நில்லுங்கள். அதற்குக் கீழே வருவதெல்லாம் விழுந்த பிறகு நடந்த சுத்தம் செய்யும் வேலை, அங்கே தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். அந்த வரிக்கு மேலே இருபது முப்பது வரிக்குள் நிஜமான எரர் எண் இருக்கும். அதை இங்கே போடுங்கள். கம்பெனி விவரம், லைசென்ஸ் எண் இருந்தால் அழித்துவிட்டுப் போடுங்கள்.

ரிச்சி தெரு சர்வீஸ்

நானும் ஒண்ணு சொல்லிக்கறேன். கடைக்கு வர்றவங்க முக்கால்வாசி பேர் "எரர் வருதுண்ணா"ன்னு மட்டும்தான் சொல்றாங்க. என்ன எரர்னு கேட்டா "ஓகே குடுத்து மூடிட்டேன்"னு சொல்றாங்க. அந்தப் பெட்டிய மூடாம கொண்டு வந்தாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி. விண்டோஸ மறுபடி போடறது எங்களுக்கு சுலபம், ஆனா அது கஸ்டமருக்கு நல்லதில்ல. அவரோட ஃபாண்ட், பிரின்டர் செட்டிங், எல்லாம் போயிடும். அண்ணே அன்னிக்கு அழிச்சிட்டுப் போட்டிருந்தாலும் பொண்ணு மறுபடி அதே பேரதான் வச்சிருக்கும், மறுபடி இதே 123தான் வந்திருக்கும்.

இன்னொண்ணு, விண்டோஸ் 10க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சிடுச்சு. பழைய சாஃப்ட்வேருக்காக அத வச்சிருக்கறது சரி, ஆனா பேங்க் வேலை எல்லாம் அதுல பண்ணாதீங்க.

அல்லிக்கேணி அச்சு

பதிவேடு தம்பி, 123 போய்விட்டது! செட்டப் முழுசாக ஓடி முடிந்தது. டெஸ்க்டாப்பில் ஐகான் வந்துவிட்டது. ஆனால் ஐகானைத் தட்டினால் புதிதாக ஒன்று வருகிறது. காப்பி செய்து படித்தேன்: எம்எஸ்காம்சிடிஎல் ஓசிஎக்ஸ் என்ற காம்பொனென்ட் அல்லது அது சார்ந்த ஒன்று சரியாக ரெஜிஸ்டர் ஆகவில்லை, ஃபைல் இல்லை அல்லது செல்லாது என்று இருக்கிறது.

வேளச்சேரி பயனர்

அந்த ஃபைல் பெயரைத் தேடினால் டவுன்லோடு செய்யக் கொடுக்கும் சைட் நிறைய இருக்கிறது சார். எடுத்து சிஸ்டம் 32இல் போட்டால் போதும்.

பதிவேடு

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். நண்பர் நல்லெண்ணத்தில் சொல்கிறார், ஆனால் டிஎல்எல், ஓசிஎக்ஸ் போன்ற, நிரல்கள் பயன்படுத்தும் துணை ஃபைல்களை ஒற்றை ஒற்றையாகக் கொடுக்கும் தளங்களிலிருந்து எதையும் எடுத்து அட்மின் உரிமையோடு ரெஜிஸ்டர் செய்யக்கூடாது. உள்ளே யார் என்ன வைத்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. அட்மின் உரிமையில் ஓடும் ஃபைல் மெஷினில் எதையும் செய்யலாம்.

அண்ணா, இந்தப் பெயரைப் பார்த்ததும் உங்கள் சாஃப்ட்வேர் விஷுவல் பேசிக் 6 (விபி 6) என்ற பழைய நிரல்மொழியில் எழுதியது என்று தெரிகிறது. விபி 6 நிரல்கள் ஓடத் தேவையான அடிப்படை ரன்டைம் விண்டோஸ் 10இலேயே இருக்கிறது. இந்த ஓசிஎக்ஸ் அதோடு வராது, சாஃப்ட்வேர் செய்தவர்கள் கூடவே கொடுக்க வேண்டும். உங்கள் சிடியைத் திறந்து சப்போர்ட், ரெடிஸ்ட் என்ற மாதிரி ஏதாவது ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். அங்கே இருக்க வாய்ப்பு அதிகம்.

இருந்தால் அதை சி டிரைவ், விண்டோஸ், சிஸ்வாவ்64 ஃபோல்டரில் காப்பி செய்யுங்கள். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில் இருப்பவை 64 பிட் ஃபைல்கள். 64 என்று பெயரில் இருக்கும் சிஸ்வாவ்64இல் இருப்பவைதான் 32 பிட் ஃபைல்கள். பழைய நிரல்கள் பெயரை நம்பி எழுதப்பட்டிருந்ததால் பெயரை மாற்ற முடியாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். உங்கள் சாஃப்ட்வேர் 32 பிட், அதனால் சிஸ்வாவ்64.

பிறகு கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து, சிடி என்ற கட்டளையால் (வட்டு இல்லை, ஃபோல்டர் மாறும் கட்டளை) அந்த ஃபோல்டருக்குப் போய், ரெக்எஸ்விஆர்32 இடைவெளி ஃபைல் பெயர். வெற்றி என்று பெட்டி வரவேண்டும்.

அம்பத்தூர் கணக்கு

தேடிவிட்டேன். ரிட்டர்ன் வேல்யூ 3க்கு ஏழெட்டு வரி மேலே "எரர் 1327. இன்வேலிட் டிரைவ்: இ:\" என்று இருக்கிறது. எங்கள் மெஷினில் இ டிரைவே கிடையாது!

பதிவேடு

முன்பு இருந்ததா மேடம்? எக்ஸ்டர்னல் டிஸ்க், நெட்வொர்க் டிரைவ் ஏதாவது? டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை யாராவது அங்கே மாற்றி வைத்தார்களா?

அம்பத்தூர் கணக்கு

எனக்கு முன்னால் இருந்தவர் எல்லாவற்றையும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் வைத்திருந்தாராம். அவர் போகும்போது டிஸ்க்கை நிர்வாகம் வாங்கி பீரோவில் வைத்துவிட்டது.

பதிவேடு

அதுதான். டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர் இன்னும் இ டிரைவைக் காட்டுகிறது, இன்ஸ்டாலர் அங்கே போய்ப் பார்த்து விழுகிறது. டாக்குமென்ட்ஸ் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், லொகேஷன் டேப், ரிஸ்டோர் டீஃபால்ட். பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப் எல்லாவற்றிலும் அந்த டேபைப் பார்த்துவிடுங்கள். அதன் பிறகு இன்ஸ்டால் செய்யுங்கள். பழைய டிஸ்க்கில் கணக்கு ஃபைல் ஏதாவது இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

பெரம்பூர் மாணவி

அண்ணா, எனக்கு லினக்ஸில். காலேஜ் ப்ராஜெக்ட்டுக்காக உபுண்டுவில் ஒரு பேக்கேஜ் போட்டால், டிபிகேஜி (பேக்கேஜ்களைப் போடும் நிரல்) லாக், அதாவது பூட்டு கிடைக்கவில்லை, வேறு ஒரு ப்ராசஸ் பிடித்திருக்கிறது என்று வருகிறது. லாக் ஃபைலை டெலிட் செய்யச் சொல்லி ஒரு வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா?

ஆவடி ஆதவன்

இதற்கு நான் சொல்கிறேன் தங்கச்சி. டெலிட் செய்யாதே. மெசேஜிலேயே ப்ராசஸ் எண்ணும் பெயரும் இருக்கும், படித்துப் பார். அன்அட்டெண்டட் அப்கிரேட் என்று இருந்தால் உபுண்டு தானாகவே அப்டேட் போட்டுக்கொண்டிருக்கிறது. ஹாட்ஸ்பாட் நெட் மெதுவாக இருந்தால் நேரமாகும். முடியும்வரை விடு. நடுவில் லாக்கைப் பிடுங்கி இன்னொரு இன்ஸ்டாலை ஓட்டினால் பேக்கேஜ் பாதியில் நின்று, பிறகு எதைப் போட்டாலும் எரர் வரும். விண்டோஸில் 1618 வருவதும் இதே காரணத்தால்தான், ஒரு எம்எஸ்ஐ ஓடும்போது இன்னொன்றை அது அனுமதிக்காது.

பெரம்பூர் மாணவி

அன்அட்டெண்டட் அப்கிரேட்தான் இருக்கிறது. விட்டுவிட்டேன். நன்றி அண்ணா.

அல்லிக்கேணி அச்சு

சிடியில் ரெடிஸ்ட் ஃபோல்டரில் இருந்தது தம்பி. மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துச் சொன்னாள், நான் அடித்தேன். சாஃப்ட்வேர் திறந்துவிட்டது! டெம்ப்ளேட் எல்லாம் அப்படியே இருக்கிறது. "நிகழும் மங்களகரமான" என்று ஆரம்பிக்கும் அந்தப் பக்கத்தைத் திரையில் பார்த்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை.

ஒரே ஒரு குறை. புதிதாக ஒரு பத்திரிகை செய்து சேவ் கொடுத்தால் சேவ் ஆகவில்லை. பாதை தவறு என்கிறது.

பதிவேடு

எதிர்பார்த்தேன் அண்ணா. இன்ஸ்டாலருக்கு டெம்ப் பாதையை மாற்றிக் கொடுத்தோம். ஆனால் நிரல் சேவ் செய்யப் போவது டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்கு, அதுவும் தமிழ்ப் பெயர் கொண்ட யூசர் ஃபோல்டருக்குள்தான் இருக்கிறது. டி டிரைவில் சேவ் செய்து பாருங்கள், ஆகிவிடும். ஆனால் ஒவ்வொரு பழைய நிரலிலும் இப்படி மல்லுக்கட்ட வேண்டிவரும். ஒரேயடியாகச் சரி செய்வோம்.

கன்ட்ரோல் பேனலில் யூசர் பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். போதாது. அது திரையில் தெரியும் பெயரை மட்டும் மாற்றும், ஃபோல்டரின் பெயர் மாறாது. ரெஜிஸ்ட்ரியில் புகுந்து ஃபோல்டர் பெயரை மாற்றும் வழியும் சொல்வார்கள், ஒரு எழுத்து தப்பினால் மறுநாள் உள்ளேயே நுழைய முடியாது. தொழில் ஓடும் மெஷினில் அது வேண்டாம்.

புது அக்கவுன்ட் போடுங்கள். செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், ஃபேமிலி அண்ட் அதர் யூசர்ஸ். அங்கே இந்த மெஷினுக்கு இன்னொருவரைச் சேர்ப்பது, பிறகு அவருடைய சைன் இன் விவரம் இல்லை என்பது, பிறகு மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் இல்லாமல் சேர்ப்பது. பெயரை ஆங்கில எழுத்தில், சின்னதாக, இடைவெளி இல்லாமல் கொடுங்கள். அக்கவுன்ட் டைப்பை அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்குங்கள். ஒருமுறை அதில் உள்ளே நுழையுங்கள், ஃபோல்டர் உருவாவது அந்த முதல் நுழைவில்தான்.

பழைய தட்டச்சு

அதோடு ஒரு வரி சேர்க்கிறேன். உள்ளே நுழைந்த பிறகு, கன்ட்ரோல் பேனலில் யூசர் அக்கவுன்ட்ஸ் போய் அக்கவுன்ட் பெயரை "அச்சகம்" என்று தமிழிலேயே மாற்றிக்கொள்ளலாம். மெஷின் திறக்கும்போது திரையில் தமிழில் அச்சகம் என்று வரும். உள்ளே ஃபோல்டர் ஆங்கிலத்தில் இருப்பதால் பழைய நிரல் எதுவும் அழாது. மகளிடம் சொல்லுங்கள், அவள் வைத்த பெயரை எடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

குரோம்பேட்டை குமரன்

இது எனக்குத் தெரியாத வழி ஐயா. எங்கள் ஆபீஸ் மெஷின்களிலும் இப்படிச் செய்யலாம் போலிருக்கிறது. தங்கச்சி மேல் குறை சொன்னது எனக்கே சரியாகப் படவில்லை.

அம்பத்தூர் கணக்கு

ரிஸ்டோர் டீஃபால்ட் கொடுத்தேன், புது வெர்ஷன் ஏறிவிட்டது. மூன்று ஃபோல்டர் இ டிரைவைக் காட்டிக்கொண்டிருந்தன. பதிவேடு சாருக்கு நன்றி.

அல்லிக்கேணி அச்சு

புது அக்கவுன்ட் போட்டு, பெயரைத் தமிழில் மாற்றிவிட்டோம். மகளுக்கு ஒரே சந்தோஷம். சாஃப்ட்வேர் திறக்கிறது, சேவ் ஆகிறது. ஆனால் பேஜ்மேக்கரில் பாதி ஃபாண்ட் காணவில்லை. பழைய அக்கவுன்ட்டில் இருக்கிறது, புதியதில் இல்லை. பழைய அக்கவுன்ட்டை நீக்கிவிடலாம் என்று நினைத்தேன், இப்போது பயமாக இருக்கிறது.

பதிவேடு

நீக்காதீர்கள், இன்னும் கொஞ்சம் நாள் இருக்கட்டும். விண்டோஸ் 10இல் 1809 பதிப்பிலிருந்து ஃபாண்ட் ஃபைலை டபுள் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால் அந்த ஒரு அக்கவுன்ட்டுக்கு மட்டும்தான் போகும். அந்த யூசரின் ஆப்டேட்டாவுக்குள் உட்கார்ந்திருக்கும், மற்ற அக்கவுன்ட்டுக்குத் தெரியாது. ஃபாண்ட் ஃபைல்கள் எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்ந்து ரைட் கிளிக் செய்து "எல்லா யூசர்களுக்கும் இன்ஸ்டால்" என்ற பொருளில் இருக்கும் வரியைக் கொடுங்கள். மூல ஃபைல்கள் கையில் இருக்கின்றனவா?

அல்லிக்கேணி அச்சு

டி டிரைவில் ஃபாண்ட் என்றே ஒரு ஃபோல்டர் இருக்கிறது தம்பி. எல்லா யூசர்களுக்கும் என்று கொடுத்தேன், இப்போது பேஜ்மேக்கரில் வரிசையாகக் காட்டுகிறது. முதல் பத்திரிகையின் ப்ரூஃப் எடுத்தாகிவிட்டது. பெண் வீட்டார் பார்த்து சரி சொன்னதும் ஆண்டர்சன் தெருவில் அட்டை எடுக்கப் போகிறேன்.

ரிச்சி தெரு சர்வீஸ்

அண்ணே, அந்த சிடிய முழுசா டி டிரைவுல ஒரு காப்பி, பென் டிரைவுல ஒரு காப்பி போட்டு வச்சிடுங்க. ரெடிஸ்ட் ஃபோல்டரையும் சேர்த்து. சிடி கீறல் விழுந்துட்டா அந்த ஓசிஎக்ஸ் ஃபைல எங்க போய்த் தேடறது.

அல்லிக்கேணி அச்சு

இப்போதே போடுகிறேன் தம்பி. லைசென்ஸ் அட்டையையும் ஸ்கேன் செய்து அதே ஃபோல்டரில் வைத்துவிடுகிறேன்.